அடிவாரத்து மேளம்

பழநிக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் நாம் என்னென்ன விசாரிப்போம்? கூட்டம் அதிகமா, ரோப் காரில் ஏறினீர்களா விஞ்சில் ஏறினீர்களா, ராஜ அலங்காரம் கிடைத்ததா, பஞ்சாமிர்தம் எத்தனை டப்பா வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்போம். "அடிவாரத்தில் இந்த வருஷம் யார் மேளம்?" என்று கேட்கிறவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்படிக் கேட்கிறவர்களில் என் அத்தை ஒருவர். அவருக்குப் பழநியிலேயே வாசம். பங்குனி உத்திரத்துக்கு நான் ஊருக்குப் போனால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "கண்ணு, நம்ம செட்டு நேத்தே வந்தாச்சு!" என்பார். அவர் சொல்லும் 'நம்ம செட்டு' எங்கள் உறவுமில்லை, எங்கள் வீட்டுக்கென்று அமர்த்தியதுமில்லை. மலைச் சாரலில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து வரும் நையாண்டி மேளக் கோஷ்டி. ஆனாலும் ரஸிகர் என்றால் அந்த உரிமை வந்துவிடுகிறது. சினிமா நட்சத்திரத்தை 'நம்ம ஆளு' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி!

நேயர்களே, பழநியையும் அதன் மேலே கோடைக்கானல் வரை அடுக்கடுக்காக ஏறிப் போகும் மலைத் தொடரையும் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஏரியையும் பூவையும் பனியையும் வர்ணித்து வர்ணித்துப் பேனாக்கள் தேய்ந்துவிட்டன. அந்த மலைகளைக் காதால் பார்க்க இன்று உங்களை அழைத்துப் போகிறேன். பிரயாணத்துக்கு வசதியான செருப்பு ஒன்று போதும்.

முதலில், மேளம் என்றால் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்று விரலை ஆட்டுகிறோமே, அந்த நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். நையாண்டி மேளம் அதற்குத் தம்பி முறை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, தாளத்துக்கு ஒரு ஜோடி. சில இடங்களில் உறுமியும் சேர்ந்துகொள்ளும். கரகாட்டத்துக்கும் காவடியாட்டத்துக்கும் வாசிப்பது இதுதான். ஒரு வாத்தியம் சொன்னதை இன்னொன்று வாங்கிக் கேலி பண்ணித் திருப்பிக் கொடுக்கும். பெயரிலேயே நையாண்டி இருக்கிறதல்லவா? 1989ல் வெளிவந்த 'கரகாட்டக்கார'னில் கவுண்டமணி தவிலும் செந்தில் நாதஸ்வரமுமாக வந்து வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பு நம் மனத்தில் தங்கிவிட்ட அளவுக்கு, அந்த மேளத்தின் வித்தை தங்கவில்லை என்பதுதான் வருத்தம்.

வித்தை என்று சும்மா சொல்லவில்லை. தவில்காரரின் வலக்கையைச் சற்று உற்றுப் பாருங்கள். துணியும் மாவுப் பசையுமாகச் சுற்றிச் சுற்றிக் காயவைத்த கூடுகளை விரல்களில் மாட்டியிருப்பார். இடக்கையில் ஒரு கழி. பலாமரத்தைக் குடைந்து செய்த அந்தப் பீப்பாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 2022ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேலே செருகும் சீவாளி நாணலில் செய்வது. அந்தச் சின்னஞ்சிறு நாணல் துண்டுதான் குழலின் உயிர். எச்சில் பட்டுப் பதமாக வேண்டும். அதிகம் ஊறினாலும் பேசாது, காய்ந்தாலும் பேசாது. அதனால்தான் நாலைந்து சீவாளிகளைச் சரமாகக் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். குழந்தையோடு வெளியூர் போகும் தாய், பையில் மாற்றுத் துணி வைத்துக்கொள்வது போல!

இனி, பங்குனி உத்திரத்துக்கு வருவோம். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் பாதயாத்திரையாக வருவது பிரசித்தம். பங்குனி உத்திரமோ கொங்கு நாட்டாரின் கொண்டாட்டம். கொடுமுடியில் காவிரித் தீர்த்தத்தைக் கலசங்களில் எடுத்துக் காவடியாகக் கட்டி, கால்நடையாகவே பழநிக்குக் கொண்டு வருவார்கள். பங்குனி வெயிலில் மலை காய்ந்து கிடக்கும். ஆண்டவனுக்குக் குளிரக் குளிர அபிஷேகம் ஆக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கிரிவீதியில் காலை நான்கு மணிக்கே ஜனங்கள் நெருக்கியடிப்பார்கள். பத்தடிக்கு ஒரு மேளம். ஒரு மேளத்தின் ஓசை தேய்வதற்குள் அடுத்த மேளம் வந்து மோதும். அந்தச் சந்தடியில், 'நம்ம செட்டு' எங்கே என்று என் அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

2017ஆம் வருஷத்துப் பங்குனி உத்திரத்தை நான் மறப்பதாக இல்லை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தீர்த்தக் காவடியோடு வந்தான். கொடுமுடியிலிருந்து நடந்து வந்ததில் வலது பாதம் கொப்புளித்திருந்தது. நொண்டி நொண்டி நடந்தான். அவனோடு வந்தவர்களெல்லாம் ஆடுகிறார்கள். இவனால் ஆட முடியவில்லை. முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகமாகத் தெரிந்தது. மேளம் அதுவரை துள்ளலாகப் போய்க்கொண்டிருந்தது. மூத்த தவில்காரர் அவன் எதிரில் வந்து நின்றார். பின்பக்கமாகவே நடந்தபடி அவன் பாதத்தைப் பார்த்தார். அவருக்கு வயது அறுபது இருக்கலாம்.

சட்டென்று அடி மாறிற்று.

வலிக்கிற காலை அவன் சீக்கிரம் எடுத்துவிடுகிறான். நல்ல காலில் சற்று அதிகமாக நிற்கிறான். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் நான்கு. 'தகிட தகதிமி, தகிட தகதிமி' என்று அவர் அந்த நொண்டலையே ஏழாக எண்ணித் தாளமாக்கிவிட்டார்! இரண்டாவது தவில் ஒரு சுற்றுக் காத்திருந்து பிடித்துக்கொண்டது. பம்பை குறுக்கே புகுந்து கேலி பண்ணிற்று. நாதஸ்வரக்காரர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நடுவிலே விட்டுவிட்டு, அந்த ஏழுக்குப் பொருத்தமாக ஒரு காவடிச் சிந்து மெட்டைத் தொட்டார். பையன் முதலில் திகைத்தான். பிறகு புரிந்துகொண்டான். தன் குறையே தாளமாக ஒலிக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான்! அந்தக் கொப்புளக் காலோடேயே ஆட ஆரம்பித்தான். கிரிவீதியில் அந்த இடமே வட்டமாக விலகி வழி விட்டது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், இடுப்புக் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் மணி நேரம் இருக்குமோ என்னவோ! அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் அத்தை விடவில்லை. மேளக்காரர்கள் ஒரு கடை ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, போன வருஷம் நொண்டிக்கிட்டு வந்தானே ஒரு பையன், அவனுக்கு அடிச்சீங்களே, அதை இன்னொருக்கா அடிச்சுக் காட்டுங்களேன்!"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அது அந்தத் தம்பி காலப் பாத்து அடிச்சதுங்க அம்மிணி. அந்தக் காலு மறுபடி வந்தா அடியும் மறுபடி வருமுங்க."

இசையைப் பற்றிக் கனமான புத்தகங்களை நான் படித்ததுண்டு. இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் எதிலும் கண்டதில்லை. ஏட்டில் எழுதி வைத்து ஒப்பிப்பது ஒரு விதமான சங்கீதம். எதிரே இருப்பவரைப் பார்த்து அந்த க்ஷணத்தில் பிறப்பது இன்னொரு விதம். இரண்டாவதற்கு வாசிக்கிறவர் மட்டும் போதாது. நடக்கிறவர் வேண்டும், நின்று கேட்கிறவர் வேண்டும்.

இந்த ருசி நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1965ல், காலிபோர்னியா மாகாணத்தில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு வாத்தியக் கோஷ்டி தொடங்கிற்று. 1995 வரை முப்பது ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். இன்றைக்கு வாசித்ததை நாளைக்கு அப்படியே வாசிப்பதில்லை என்பதுதான் அவர்களுடைய விசேஷம். ஒரு பாட்டை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. அதற்காகவே ரஸிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக அவர்கள் பின்னால் போனார்கள். டேப்பில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். 1984 முதல் டேப் எடுக்கிறவர்களுக்கென்றே கச்சேரியில் தனி இடம் ஒதுக்கினார்களாம்! இந்த மாதிரிக் கோஷ்டிகளுக்கு அங்கே 'ஜாம் பாண்ட்' என்று பெயர். எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்தப் பாட்டு என்று அவர்கள் ஏடு வைத்திருக்கிறார்கள். அடிவாரத்து மேளத்துக்கோ, என் அத்தையைப் போன்றவர்களின் ஞாபகம்தான் ஏடு. "நம்ம சின்னவனுக்கு மொட்டை எடுத்த வருஷம் அந்த ராகம் வாசிச்சாரு" என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எந்த டேப்புக்கும் குறைந்ததல்ல.

நம் பெரிய மேளத்தில் இந்தக் கற்பனைப் பெருக்கு எவ்வளவு உயரம் போயிற்று என்பதற்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒருவரே சாட்சி. 1956ல் மறைந்த அவருடைய தோடி ராக ஆலாபனையைக் கேட்க ஊர் ஊராக ஜனங்கள் போனார்கள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. ஒரு ராகம், ஒரு மூச்சு, மணிக்கணக்கில் வெள்ளம்! அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து வாசித்ததை இன்றும் வானொலியில் கேட்கலாம். 1964ல், நாற்பத்து மூன்று வயதிலேயே அவர் போய்விட்டார். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடர்கதையாக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968ல் படமானபோது, சிவாஜி கணேசனின் விரல்களுக்குப் பின்னே ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். பழநி என்ற ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் தாங்கி, மிருதங்கத்தில் கொடி கட்டிப் பறந்தவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை. இடக்கை வாசிப்பு, 1908ல் பிறந்து 1962 வரை வாழ்ந்தவர். அவருடைய தந்தை முத்தையா பிள்ளையும் லய வித்வான். அடிவாரத்தில் ஒரு பையனின் பாதத்தைப் பார்த்து ஏழு எண்ணிய அந்தப் பெரியவர் இந்த ஜாம்பவான்களின் வரிசையில் வருகிறவர் அல்ல. ஆனாலும் அதே ஊற்றிலிருந்துதான் அவரும் தண்ணீர் எடுக்கிறார்.

சரி, இனி மலை ஏறுவோமா?

பழநியிலிருந்து கோடைக்கானலுக்கு மலைச் சாலை 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பமாகிவிடும். பின்னால் திரும்பிப் பார்த்தால், தண்டாயுதபாணியின் மலை வயல்களுக்கு நடுவே யாரோ வைத்துவிட்டுப் போன கொழுக்கட்டை மாதிரி தெரியும். மேலே போகப் போக வெயில் நீங்கும். வாழையும் காப்பித் தோட்டமும் வரும். பெருமாள் மலைக்குப் பக்கத்தில் வத்தலக்குண்டிலிருந்து வரும் சாலையோடு சேர்ந்துகொள்ளலாம். கோடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி உயரம். 1845ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்குப் பயந்து ஏறி வந்து வீடு கட்டிக்கொண்ட ஊர். 1863ல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் ஏரியை அமைத்தார். 1901ல் தொடங்கிய அமெரிக்கப் பள்ளி இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, மூடுபனி விலகிய நாளில், கீழே பழநி மலை தெரியும். அந்தக் கோயிலும் இப்போது பழநி தேவஸ்தானத்தைச் சேர்ந்ததுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018ல் பூத்தது, அடுத்தது 2030ல். பூவுக்காவது தவணை உண்டு. கொஞ்சம் பொறுத்தால் திரும்பி வந்துவிடும். மேளத்தில் தவறவிட்டது திரும்ப வராது.

கோடைக்கானலிலிருந்து இன்னும் 18 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. படிக்கட்டு மாதிரி செதுக்கிய வயல்களில் மலைப் பூண்டு விளையும் ஊர். நம் வீட்டுப் பிரசவ மருந்துக்கும் ரசத்துக்கும் தேடி வாங்குகிறோமே, அதே பூண்டு! ஊருக்கு நடுவே குழந்தை வேலப்பர் கோயில். தைப்பூசம் கழிந்த சில நாட்களில் அங்கே தேர்த் திருவிழா. இந்தத் தேரில் ஒரு விசேஷம். ஊர் சரிவில் இருப்பதால் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். முன்னால் இருப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் தேர் பாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும்.

2023ல் நான் அங்கே போனேன். நம் செட்டு பூம்பாறைக்கு வருகிறது என்று அத்தைதான் போனில் உளவு சொல்லியிருந்தார். காலையில் பனி ஊரையே மூடியிருந்தது. மலைக் குளிர் மேளத்துக்குச் சத்துரு. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கிவிடும். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மேல்துண்டுக்குள் வைத்துப் பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். தவில்காரர்கள் தட்டித் தட்டிப் பார்த்து முறுக்கை ஏற்றினார்கள். இந்தக் காலத்துத் தவிலுக்கு வாருக்குப் பதில் இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டதால் அந்தச் சிரமம் கொஞ்சம் குறைவு.

தேர் நகர்ந்தது. சரிவான தெருவில் முன்வடம் இழுக்கிறவர்களுக்கு ஒரு வேகம் வேண்டும். பின்வடம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நிதானம் வேண்டும். இருவர் காதிலும் விழுவது ஒரே மேளம்! பெரியவர் தேருக்கும் வடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அடி நெருங்கும், இறங்கினால் அகலும். ஓரிடத்தில் தேர் திடீரென்று நாலடி வேகமாகப் போய்விட்டது. கூட்டத்தில் 'ஓ' என்று ஒரு சப்தம். அந்தச் சமயம் தவில் முழுவதுமாக நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் எல்லோருடைய காலும் தானாகத் தரையில் ஊன்றிற்று. தேரும் நின்றது. பிறகு ஒற்றை அடி, இன்னோர் அடி, நாதஸ்வரம் மெல்லக் கண் திறந்தது. மேளம் என்றால் அடிப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எப்போது அடிக்காமல் இருப்பது என்று தெரிந்திருப்பதும் மேளம்தான்.

கச்சேரி முடிந்த பிறகு, பெரியவர் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். மேலே தூக்க முடியவில்லை. அப்போதுதான் அவர் குடும்பத்துக் கதை கொஞ்சம் தெரிந்தது. 2020ல் பங்குனி உத்திரம் ஊரடங்குக்குள் வந்தது. அந்த வருஷம் காவடி இல்லை; திருவிழா இல்லை; கல்யாணங்களும் வாசலோடு முடிந்தன. பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டுவது வழக்கம். மேளத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் அரிசிக்குப் போயிற்று. இரண்டாவது தவில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய மகன், அந்த வருஷம் கார் ஓட்டப் போனவன்தான். இப்போது கோடைக்கானலுக்கு டாக்ஸி ஓட்டுகிறான். "தப்புச் சொல்ல மாட்டனுங்க. மாசம் பொறந்தாப் பணம் வருது, பொண்டாட்டி புள்ளைக வயிறு இருக்குதுல்லங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு மனசு கனத்துப் போயிற்று.

நியாயம் அவர் பக்கம்தானே? இன்று நம் வீட்டுக் கல்யாணங்களைப் பாருங்கள். வரவேற்புக்கு ஆயிரக் கணக்கில் விளக்கு அலங்காரம். ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை. சாப்பாட்டுப் பந்தியில் ஒலிபெருக்கி. தவிலும் நாதஸ்வரமும் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வந்து, கெட்டி மேளம் வாசித்துவிட்டு, மண்டபத்தின் மூலைக்குப் போய்விட வேண்டும். பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் டமடமவென்று அடித்துத் தீர்த்துவிடும். அதற்குத் தோள் வலிக்காது; சம்பளம் வேண்டாம்; பசிக்காது. ஆனால் அதற்குக் கண் கிடையாதே! கொப்புளக் காலோடு ஒரு பையன் எதிரே வந்தால் அதற்குத் தெரியுமா?

வருத்தத்தை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. பெரியவர் உட்கார்ந்திருந்த அதே திண்ணையில், பன்னிரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, கூடு மாட்டாத வெறும் விரலால் பலகையில் 'தகிட தகதிமி' தட்டிக்கொண்டிருந்தாள். டாக்ஸி ஓட்டும் மகனுடைய பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவிடம் பாடமாம். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குத் தவிலுன்னு கேக்கறாங்க. கையிக்குத் தெரியுமுங்களா, ஆம்பளையா பொம்பளையான்னு?" என்றார் பெரியவர்.

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய், பெண்கள் நாதஸ்வரத்தைத் தொடுவதே அதிசயமாக இருந்த காலத்தில் அதைக் கையில் எடுத்து மேடை ஏறியவர், 2012ல் காலமானார். காலிஷாபி மெஹபூப் தம் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு சரிசமமாக நாதஸ்வரம் வாசித்து, 2020ல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து 1999ல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவும் நாதஸ்வரச் சக்கரவர்த்திதான். குழல் ஜாதியும் மதமும் பார்ப்பதில்லை; ஆணா பெண்ணா என்றும் பார்ப்பதில்லை. மூச்சு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அந்தக் குழந்தைக்கு நாளைக்கு வித்தை வந்துவிடும். கேட்க ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி. அது நம் கையில் இருக்கிறது.

எனவே, அடுத்த முறை பழநிக்குப் போகும்போது ஓர் உபகாரம் செய்யுங்கள். தைப்பூசமானாலும் பங்குனி உத்திரமானாலும், தரிசனம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கிரிவீதியில் நிழலான ஓர் ஓரம் பார்த்து அரை மணி நேரம் நில்லுங்கள். காவடி எடுப்பவரின் பாதத்தைப் பாருங்கள்; பிறகு தவில்காரரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். குழந்தைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். போனில் படம் பிடிப்பதானால் தாராளமாகப் பிடியுங்கள். பிடித்து முடித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறும் காதால் ஐந்து நிமிஷம் கேளுங்கள். வாசித்து முடித்தவர்களிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் காது குத்து, கல்யாணம் என்று வரும்போது, அந்த ஊர் ஞாபகம் வரட்டும். அழைத்தால் மூலையில் உட்கார வைக்காமல், முதல் பந்தியில் இலை போட்டு, பேசிய பணத்தைக் குறைக்காமல் கையில் கொடுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் அவர்கள் இஷ்டப்படி ஒரு ராகம் வாசிக்க அரை மணி நேரம் விட்டுக் கொடுங்கள். நகைக்கும் புடவைக்கும் ஆகிற செலவில் இது எம்மாத்திரம்?

இந்த வருஷமும் பங்குனி உத்திரத்துக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. பெரியவர் தவிலை மாட்டவில்லையாம். கூட வந்து தாளம் மட்டும் போட்டாராம். தவிலுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு வாலிபரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எப்படி வாசிக்கிறார்?" என்று கேட்டேன்.

"கை சுத்தம்தான் கண்ணு. இன்னும் கண்ணு வரணும். பெரியவரு பக்கத்துலயே நின்னு, 'தம்பி, காலப் பாரு, காலப் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு" என்றார் அத்தை.